ஒரே திராட்சை, இரண்டு ஊர்கள்: உலக ஒயின்களைச் சுவைத்துப் பழகும் முறை

உலகெங்கும் விளையும் ஒயின்களை அறிந்துகொள்ள விரும்பித் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கடையில் கண்ணில் பட்டதை வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு புட்டியாகச் சுவைத்துப் பார்க்கிறார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால், இது பிடித்தது, அது பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடிவதில்லை. முன்னால் ஒரே ஒரு கோப்பை இருக்கும்போது அதன் புளிப்பு கூடுதலா குறைவா என்று அளந்து பார்க்க வேறெதுவும் இல்லை என்பதே இதற்குக் காரணம். அதே திராட்சை ரகத்திலிருந்து வேறொரு நாட்டில் செய்த ஒயினைப் பக்கத்தில் ஊற்றி வைத்துவிட்டால், அனுபவமே இல்லாதவர்கூட ஐந்து நிமிடத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுவார். ஆகவே, எப்போதும் இரண்டிரண்டாகச் சுவைக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படை.

தொடங்குமுன் சில வரம்புகளைச் சொல்லியாக வேண்டும். மது அருந்துவதற்கான சட்டப்படியான வயது இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் அது 21. மதுவில் உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக அறிவித்துள்ளது. கர்ப்பிணிகளும், மதுவோடு சேராத மருந்துகளை உட்கொள்பவர்களும், வண்டி ஓட்ட வேண்டியவர்களும் இதில் இறங்கக் கூடாது. ஒயினைத் தொழிலாகச் சுவைப்பவர்கள் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். புதியவர்களும் முதல் நாளிலிருந்தே மேசையில் ஒரு துப்பும் குவளையை வைத்துக்கொள்வது நல்லது. விழுங்கினால்தான் சுவை தெரியும் என்பது தவறான எண்ணம். உண்மையில், இரண்டு மூன்று கோப்பைகளை விழுங்கிய பிறகு எதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தெளிவு யாருக்கும் இருப்பதில்லை.

முதலில் சமையலறையில் ஒரு பயிற்சி

புட்டி எதையும் திறக்காமல் செய்யக்கூடிய இந்தப் பயிற்சியை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். நான்கு குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குவளைத் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். இரண்டாவதில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரையுங்கள். மூன்றாவதில் அதே அளவு எலுமிச்சைச் சாறும் அதே அளவு சர்க்கரையும் சேருங்கள். நான்காவதில், பாலும் சர்க்கரையும் இல்லாமல் பத்து நிமிடம் ஊறவிட்டு ஆறவைத்த கடுந்தேநீரை ஊற்றுங்கள்.

முதல் குவளையில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, உதடுகளை லேசாகத் திறந்து வைத்திருங்கள். கன்னத்தின் உட்புறத்திலிருந்து உமிழ்நீர் ஊறிவரும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் ஊறுகிறது என்பதே ஒயினின் புளிப்பை அளக்கும் வழி. இரண்டாவதையும் மூன்றாவதையும் மாறி மாறிச் சுவையுங்கள். சர்க்கரையின் அளவு ஒன்றேயானாலும் மூன்றாவது குவளை இனிப்பு குறைந்ததாகத் தோன்றும். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று மறைக்கும் இந்தச் செயலைப் புரிந்துகொண்டால், ஜெர்மானிய ஒயின்களில் பாதி விளங்கிவிடும். கடுந்தேநீரை வாயில் வைத்திருக்கும்போது ஈறுகளும் நாக்கும் வறண்டு சொரசொரப்பாவதைக் கவனியுங்கள். டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்துகொள்வதால் வரும் உணர்வு அது. சிவப்பு ஒயின் தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிப்பதால் அதில் டானின் மிகுந்திருக்கும்; வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலைப் பிரித்துவிடுவதால் அதில் மிகக் குறைவு.

இதனோடு ஒரு விதியையும் மனத்தில் பதிக்க வேண்டும். திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத்தான் ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையிலிருந்து 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். ஆகவே, குளிர்ந்த பகுதியின் ஒயினில் புளிப்பு மிகுந்தும் ஆல்கஹால் குறைந்தும் இருக்கும். வெயில் மிகுந்த பகுதியில் இது தலைகீழாகும். உலக ஒயின் வரைபடத்தைப் படிக்க இதைவிட உதவியான திறவுகோலை நான் அறியேன்.

கோப்பையும் குளிர்ச்சியும்

விலையுயர்ந்த கண்ணாடிப் பொருள்கள் தேவையில்லை. அடி அகன்று வாய் குறுகிய, தண்டுள்ள, வேலைப்பாடற்ற கோப்பைகள் இரண்டு போதும். ஆனால் இரண்டும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். ஒரு கோப்பைக்கு 50 மில்லிலிட்டர் ஊற்றினால் போதுமானது. அந்தக் கணக்கில் 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்று 15 பேருக்கு வரும் என்பதால், நண்பர்கள் சிலர் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொண்டால், ஒரு மாலையில் நான்கு புட்டிகளைத் திறந்தாலும் யாருடைய கையையும் கடிக்காது.

குளிர்ச்சியில்தான் நம் ஊரில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற வழக்கு, குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது. அது ஏறத்தாழ 16 முதல் 18 பாகை செல்சியஸைக் குறிக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ 32 பாகையில் இருக்கும் அறையில் அதே புட்டியைத் திறந்தால், ஆல்கஹாலின் நெடி மட்டுமே மூக்கில் ஏறும். சிவப்பு ஒயினையும் குளிர்பெட்டியில் வைத்து அந்த அளவுக்குக் குளிரவைத்த பிறகே திறக்க வேண்டும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 பாகையும், நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 பாகையும் ஏற்றவை. வெள்ளை ஒயின் அதற்கும் கீழே குளிர்ந்துவிட்டால் மணம் அடங்கிவிடும் என்பதால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைப்பது நல்லது.

சுவைக்கும் அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைப் பூ, வாசனைத் திரவியம், தாளிப்பு வாடை எதுவும் இருக்கக் கூடாது. காரமான உணவை உண்ட உடனே சுவைப்பதும் பயன்தராது. காலை பதினொரு மணி அளவில், பசிக்கத் தொடங்கும் நேரத்தில் நாக்கு மிகக் கூர்மையாக இருக்கிறது என்பது சுவைப்பதைத் தொழிலாகக் கொண்டோர் பலரின் கருத்து. அந்நேரத்தில் சுவைப்பவர் துப்பிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பார்த்து, முகர்ந்து, சுவைப்பது

கோப்பையை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒயின் வயதாக ஆக நிறம் ஆழ்ந்து பொன்னிறமாகும். சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளிறி, விளிம்பில் செங்கல் நிறம் காட்டும். இதற்கு அரை நிமிடம் போதும். அடுத்து, கோப்பையைச் சுழற்றாமல் ஒருமுறையும், சுழற்றிய பின் ஒருமுறையும் முகருங்கள். நீளமாக மூச்சை இழுப்பதைவிடக் குறுகிய முகர்தல்கள் இரண்டு மூன்று நல்லவை. மூக்கு விரைவில் பழகிப்போய் உணர்வை இழந்துவிடும்.

மணத்துக்குப் பெயரிடும்போது, அயல்நாட்டு நூல்களில் வரும் பழங்களின் பெயர்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை. நாவல்பழம், மாதுளை, கொய்யா, பச்சை மாங்காய், ஏலக்காய், புதுமழை பட்ட மண், தேன் என்று நீங்கள் நேரில் முகர்ந்தறிந்தவற்றின் பெயரையே எழுதுங்கள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ரகம். அதை ஒருமுறையாவது முகர்ந்து தின்றவருக்கு, மஸ்கட் குடும்பத்தின் ரோஜா மணம் ஏற்கெனவே பழக்கமானது. இத்தாலியின் பியெமொன்தே பகுதியில் செய்யப்படும் மொஸ்காதோ தாஸ்தியை முகர்ந்தால் அந்த உறவு உடனே புலப்படும். ஆல்கஹால் 5 சதவீத அளவே உள்ள, இனிப்பான, மென்மையாக நுரைக்கும் இந்த ஒயின், தமிழ் வாசகர்கள் தம் மூக்கின் மீது நம்பிக்கை பெற மிகப் பொருத்தமான தொடக்கம் என்பேன்.

பிறகு ஒரு சிறு வாய் எடுத்து, உதடுகளைக் குவித்துக் கொஞ்சம் காற்றையும் உள்ளிழுத்து, வாய் முழுவதும் படும்படி சுழற்றுங்கள். இனிப்பு உண்டா, புளிப்பு எவ்வளவு, ஈறுகளில் துவர்ப்பு எவ்வளவு, தொண்டையில் ஆல்கஹாலின் சூடு எவ்வளவு, துப்பிய பின் எத்தனை நொடி சுவை நிற்கிறது என்ற ஐந்து கேள்விகளுக்கும் ஒவ்வொரு முறையும் இதே வரிசையில் விடை எழுதுங்கள். பழமணம் மிகுந்த ஒயினை இனிப்பானது என்று எழுதிவிடும் தவறு எல்லாரிடமும் உண்டு. ஐயம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சுவைத்தால் போதும். சர்க்கரை இருந்தால் அப்போதும் இனிக்கும், வெறும் மணமாக இருந்தால் மறைந்துவிடும்.

முதல் இணை: ரீஸ்லிங்

ரீஸ்லிங் ஒரு வெள்ளைத் திராட்சை ரகம். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து கபினெட் என்று முத்திரையிட்ட ரீஸ்லிங் ஒன்றையும், ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலிருந்து ரீஸ்லிங் ஒன்றையும் வாங்குங்கள். மோசல் புட்டியின் சீட்டில் ட்ரோக்கன் என்ற சொல் இல்லாதபடி பார்த்து வாங்க வேண்டும். அச்சொல் இருந்தால் அது இனிப்பு அற்றது.

மோசல் வட அட்சரேகை 50 பாகையை ஒட்டியிருக்கிறது. அங்கே திராட்சை பழுப்பதே கடினம் என்பதால், ஆற்றை நோக்கிய செங்குத்தான சரிவுகளில் கொடி வளர்க்கிறார்கள். ப்ரெம் ஊருக்கு அருகிலுள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகையைத் தாண்டும். அங்கே ஆள் நிற்பதே அரிது, எல்லா வேலையும் கையால்தான். சரிவு முழுவதும் பரவிக்கிடக்கும் கரும்பலகைக்கல் பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் கொடிக்குத் தருகிறது. இவ்வளவு பாடுபட்டும் திராட்சையில் புளிப்பு கூர்மையாகவே நிற்கும். அதைச் சமன்செய்ய, நொதித்தலை முழுதாக முடியவிடாமல் நிறுத்திச் சர்க்கரையில் ஒரு பகுதியை மீதம் வைக்கிறார்கள். அதனால்தான் ஆல்கஹால் 8 அல்லது 9 சதவீதத்தில் நின்றுவிடுகிறது.

கோப்பையில் அது ஏறக்குறைய தண்ணீரைப் போல வெளிறியிருக்கும், ஓரத்தில் மட்டும் இளம்பச்சைச் சாயல் தெரியும். மணத்தில் பச்சை ஆப்பிளும் வெள்ளைப் பூக்களும் எழும். வாயில் வைத்த கணத்தில் இனிக்கும். அடுத்த கணத்தில் புளிப்பு எழுந்து அந்த இனிப்பைத் துடைத்துக்கொண்டு போகும். துப்பிய பிறகும் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கும். சமையலறைப் பயிற்சியின் மூன்றாவது குவளை நினைவுக்கு வர வேண்டிய இடம் இது.

கிளேர் பள்ளத்தாக்கு அடிலெய்டு நகருக்கு வடக்கே, பகலில் வெயிலும் இரவில் குளிரும் உள்ள உயர்நிலப் பகுதி. அங்கே திராட்சை நன்கு பழுக்கிறது. சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிடுவதால் ஒயினில் இனிப்பு இல்லை, ஆல்கஹால் 12 சதவீத அளவில் இருக்கும். மணத்தில் எலுமிச்சைத் தோல் ஓங்கி நிற்கும். சில ஆண்டுகள் ஆன புட்டிகளில் மண்ணெண்ணெயை ஒத்த மணம் ஒன்று வரும். அது பழுது அல்ல. வெயில் பட்ட ரீஸ்லிங் முதிரும்போது உண்டாகும் ஒரு சேர்மத்தின் மணம்.

இரண்டாவது இணை: சிரா

சிவப்பு ஒயினில் முதலில் ஒப்பிட வேண்டியது சிரா என்பது என் உறுதியான கருத்து. பிரான்சின் வடக்கு ரோன் பகுதியில் க்ரோஸ்-எர்மிதாஜ் அல்லது சென்-ஜோசப் என்று ஊர்ப்பெயர் தாங்கிய புட்டி ஒன்றையும், ஆஸ்திரேலியாவின் பரோசாவிலிருந்து ஷிராஸ் என்று எழுதிய புட்டி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ரகம். ஐரோப்பியப் புட்டிகள் பெரும்பாலும் ஊரின் பெயரை மட்டுமே சொல்லும், ரகத்தின் பெயரைச் சொல்லாது. எந்த ஊருக்கு எந்த ரகம் என்பதை வாங்குபவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ரோன் ஒயினில் கருமிளகு மணக்கும். இது உவமை அல்ல. ரோடண்டோன் என்னும் சேர்மமே மிளகின் மணத்துக்குக் காரணம் என்பதையும், அதே சேர்மம் சிராவின் தோலில் இருப்பதையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் சிறிதும் எட்டுவதில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஆகவே, பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லி உங்களுக்கு அது தெரியவில்லை என்றால் வருந்த வேண்டாம். அவரவர் மூக்கு உணர்ந்ததை அவரவர் எழுதினால் போதும். குளிர்ந்த இடங்களில் ரோடண்டோன் கூடும் என்பதால், வெயில் மிகுந்த பரோசாவின் கோப்பையில் மிளகு பின்வாங்கி, நன்கு பழுத்த கரும்பழங்களின் மணமும் சாக்லேட்டின் சாயலும் முன்னுக்கு வரும். ஆல்கஹால் அங்கே 14 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். தொண்டையில் சூடு தெரியும்.

பரோசாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபில்லொக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது; அமெரிக்க வேர்த்தண்டுகளில் ஒட்டுக்கட்டித்தான் அங்கே மறுபடி பயிரிட்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அந்தப் பூச்சி வரவில்லை. 1840-களில் சொந்த வேரில் நட்ட கொடிகள் பரோசாவில் இன்றும் காய்க்கின்றன.

அடுத்து எடுக்க வேண்டியவை

இந்தியாவில் இருப்பவர்களுக்கு எளிதில் கைகூடும் இணை ஷெனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை ரகம். நாசிக்கில் விளையும் ஷெனினையும் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பகுதி ஷெனினையும் அருகருகே வையுங்கள். முடிந்தால் அதன் தாயகமான, பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிலுள்ள வூவ்ரே ஊரின் ஒயினையும் சேருங்கள். ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். மழைக்காலத்தில் பழுத்தால் அழுகிவிடும் என்பதால், நாசிக்கில் கொடியைக் கவாத்துச் செய்து, பனிக்காலத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை அறுக்கிறார்கள்.

சொவிஞோன் பிளாங்க் ரகத்துக்குப் பிரான்சின் சான்சேரும் நியூசிலாந்தின் மார்ல்பரோவும் போதும்; வேறுபாடு பளிச்சென்று தெரிவதால் நீண்ட விளக்கம் வேண்டாம். மால்பெக் ரகத்துக்குப் பிரான்சின் காஓரையும் அர்ஜென்டினாவின் மென்டோசாவையும் எடுங்கள். 1853-இல் அர்ஜென்டினாவுக்குச் சென்ற இந்த ரகம், ஆண்டீஸ் மலையடிவாரத்தின் பனியுருகு நீரைக் குடித்து, தாய்நாட்டில் இருந்ததைவிட மென்மையான ஒயினைத் தருகிறது.

நிலத்தைவிடச் செய்யும் கை எவ்வளவு மாற்றும் என்பதை அறிய, காகசஸ் மலைப்பகுதியிலுள்ள ஜார்ஜியா நாட்டுக்குப் போக வேண்டும். அந்த மண்ணில் கி.மு. 6000 அளவிலேயே ஒயின் செய்யப்பட்டதற்குப் பானை ஓடுகளில் சான்று கிடைத்துள்ளது. கழுத்துவரை மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்னும் பெரிய மண்தாழிகளில் ஒயின் செய்யும் முறையை யுனெஸ்கோ 2013-இல் பண்பாட்டு மரபாக ஏற்றது. ர்கட்சிதேலி என்னும் வெள்ளைத் திராட்சையை எஃகுக் கலனில் தோலின்றி நொதிக்கவைத்த ஒயினையும், அதே திராட்சையைத் தோல், விதை, காம்போடு தாழியில் பல மாதம் வைத்தெடுத்த ஒயினையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது ஒயின் தேன் நிறத்தில் இருக்கும். உலர்ந்த பாதாமிப்பழமும் தேயிலையும் மணக்கும். வெள்ளைத் திராட்சையில் செய்ததாயினும் ஈறுகளைச் சிவப்பு ஒயினைப் போலவே இறுக்கும். இதை மட்டும் அதிகம் குளிரவைக்காதீர்கள். 14 பாகைக்குக் கீழே போனால் துவர்ப்பு முரடாகிவிடும்.

போர்ட், ஷெர்ரி, தோகாய் ஆகிய ஒயின் வகைகளைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். அவை தனித்தனி உலகங்கள். தொடக்கத்திலேயே கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

உணவோடு சுவைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: மிளகாய்க் காரம் உள்ள குழம்புகளோடு, ஆல்கஹாலும் துவர்ப்பும் மிகுந்த சிவப்பு ஒயின் சேராது, காரத்தை எரிச்சலாக்கிவிடும். மோசல் கபினெட் போன்ற, இனிப்பும் புளிப்பும் உள்ள, ஆல்கஹால் குறைந்த ஒயின்களே அங்கே எடுபடும்.

பழுதான புட்டி

திறந்ததும் ஈரமான அட்டைப்பெட்டி அல்லது பூஞ்சணம் பிடித்த நிலவறையின் வாடை வந்தால், கார்க்கின் வழியே டிசிஏ என்னும் சேர்மம் கலந்திருக்கிறது என்று பொருள். குடித்தால் தீங்கில்லை, ஆனால் அதில் கற்க எதுவும் இல்லை. இளம் வெள்ளை ஒயின் பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிளைப் போல மணந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது. காடி நெடியோ நகப்பூச்சின் நெடியோ தூக்கலாக இருந்தாலும் அப்படியே. கடையில் திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள். திருகுமூடி போட்ட புட்டி மலிவானது என்று எண்ணவும் வேண்டாம். கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர், கார்க் பழுதிலிருந்து தப்பவே 2000-இல் ஒன்றுகூடித் திருகுமூடிக்கு மாறினார்கள்.

சீட்டை மறைத்துச் சுவைப்பது

சில இணைகளைச் சுவைத்துப் பழகிய பின், புட்டிகளைத் தாளால் சுற்றி எண் மட்டும் இட்டுச் சுவையுங்கள். ஊரின் புகழும் விலையும் நம் தீர்ப்பை எந்த அளவு வளைக்கின்றன என்பதற்கு, 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய ஒயின் வணிகர் நடத்திய சோதனையே போதிய சான்று. பிரெஞ்சு நடுவர்கள் பிரான்சின் ஒயின்களையும் கலிஃபோர்னிய ஒயின்களையும் சீட்டுத் தெரியாமல் சுவைத்து, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லார்ஸின் 1973 ஒயினுக்கும், வெள்ளையில் ஷாத்தோ மான்டலீனாவின் 1973 ஒயினுக்கும் முதலிடம் கொடுத்தார்கள். இரண்டுமே கலிஃபோர்னியாவில் செய்தவை.

வீட்டில் செய்ய மூன்று கோப்பைச் சோதனை எளிது. ஒருவர் வெளியே போய், இரண்டு கோப்பைகளில் ஓர் ஒயினையும் மூன்றாவதில் மற்றொன்றையும் ஊற்றி, வரிசையைக் கலைத்துக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் எது தனித்தது என்று சொல்ல வேண்டும். ரீஸ்லிங் இணையில் யாரும் தவறமாட்டார்கள். சிரா இணையிலும் தவறாதவர்கள், ஒரே ஊரின் அடுத்தடுத்த இரண்டு தயாரிப்பாளர்களுக்கும், பிறகு ஒரே தயாரிப்பாளரின் இரண்டு அறுவடை ஆண்டுகளுக்கும் முன்னேறலாம். மீந்த ஒயினை மூடிக் குளிர்பெட்டியில் நிறுத்தி வைத்தால், சிவப்பானாலும் வெள்ளையானாலும் மூன்று நாள் வரை தாங்கும். சோதனையில் தவறியவர்கள் மறுநாள் அதே புட்டிகளைக் கொண்டு மீண்டும் முயன்று பார்க்க அது போதும்.